பட்டாணிக்குக் குளிர், அவரைக்கு நீண்ட இரவு

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாசம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பட்டாணி, பீன்ஸ், அவரை, மண்ணிலேயே வளர்த்து மடக்குகிற பசுந்தாள் உரம் என்று பயறு வகை என்ற ஒரே குடும்பத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஐப்பசி மழை நாலு நாள் பெய்துவிட்டால் எல்லோருக்கும் மண்ணில் கை வைக்கத் தோன்றிவிடும் போல. சரி, இந்த இதழை முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். கத்தரிக்காய்ப் புழு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாசம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். பை எத்தனை அங்குலம், என்ன உரம் போட்டோம், யார் சொல்லிப் போட்டோம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எந்த மாசம் விதைத்தீர்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். பயறு வகைகளில் நான் முதலில் தேடுவதே அதைத்தான். எங்கள் வீடு வத்தலக்குண்டில். கொடைக்கானல் பஸ் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் மலை ஏறுகிறது. மேலே சடை சடையாகக் காய்க்கும் பீன்ஸ், கீழே எங்கள் கொல்லையில் சித்திரை வெயிலில் பூவோடு கருகும். எங்கள் பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் அவரையை மேலே கொண்டுபோய் வைத்தால் குளிரில் சுணங்கிவிடும். நடுவில் சில மணி நேரப் பயணம்தான். ஆகவே பட்டம், அதாவது விதைத்த பருவம், தெரியாமல் நான் எதையும் சொல்வதாக இல்லை.

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி: மொட்டை மாடியில் பங்குனி மாசம் பட்டாணி போட்டேன். நன்றாக முளைத்து முழங்கால் உயரம் வந்தது. நாலைந்து பூ பூத்ததும் கீழிருந்து மஞ்சளாகி எல்லாம் காய்ந்துவிட்டது. உரம் போதவில்லையா அம்மா?

மாசத்தை எழுதினீர்களே, முதலில் அதற்கு நன்றி. உரத்தில் ஒரு குறையும் இல்லை. பட்டாணி குளிர்காலப் பயிர். பகலில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் ஆனந்தமாக வளரும். 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், உதிராத பூவிலும் மணி பிடிக்காது. பங்குனியில் விதைத்தது சித்திரையில் பூக்கிறது. சித்திரையில் உங்கள் மாடித் தளம் காலை வைக்க முடியாதபடி கொதிக்கும். இதில் செடி என்ன செய்யும்?

சமவெளியில் பட்டாணிக்கு ஒரே ஒரு சின்ன இடைவெளிதான் இருக்கிறது. உங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழையின் கனத்த பெய்தல் ஓய்ந்த பிறகு, அதாவது கார்த்திகைக் கடைசி வாக்கில் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் மழை ஊறி விதை அழுகும். மார்கழியைத் தாண்டினால் வெயில் துரத்திவிடும். ஆர்கெல் என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சுருங்கிய தோலுள்ள விதை, குட்டைச் செடி, சுமார் இரண்டு மாசத்தில் காய் பறிக்கலாம். பானவில் கொஞ்சம் நாள் கூடப் பிடிக்கும், மாடிக்கு அது வேண்டாம்.

12 அங்குலப் பையில் ஆறு விதை, ஒரு அங்குல ஆழம். முளைத்தபின் அணில் கிள்ளாமல் இருக்க ஒரு பழைய கொசுவலைத் துண்டைப் போர்த்திவிடுங்கள். கொம்பு ஊன்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பீன்ஸ் கொடி தண்டாலேயே சுற்றிக்கொண்டு ஏறும், மூங்கில் கழி ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும். பட்டாணியின் தண்டு சுற்றாது. இலை நுனியில் இருக்கிற பற்றுக்கம்பிதான் பிடிக்கிறது. அது மெல்லிய நூல். விரல் தடிமனுக்கு மேல் இருக்கிற கழியை அதனால் வளைக்க முடியாமல், பக்கத்துச் செடியையே பிடித்துக்கொண்டு மொத்தமாகச் சாய்ந்துவிடும். கிளைகள் உள்ள காய்ந்த சுள்ளிகளை, மருதாணியோ கொய்யாவோ கவாத்து செய்தது, பைக்கு மூன்று நட்டுவிடுங்கள். போதும்.

விளைச்சலைப் பற்றி ஆசை காட்ட மாட்டேன். பத்துப் பையில் வைத்தால் சனிக்கிழமை ஒரு புலாவுக்கு ஆகும். ஆனால் பட்டாணியின் கொழுந்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தட்டில் இரண்டு அங்குலத் தென்னை நார்த்தூள் பரப்பி, ஊறிய பட்டாணியை நெருக்கமாகப் போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்தில் சாண் உயரம் கொழுந்து வரும். கத்தரித்துப் பருப்போடு சேர்த்துக் கடைந்தால் பச்சைப் பட்டாணியின் மணம் அப்படியே இருக்கும். இதைச் சென்னை வெயிலிலும் வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

கரூரிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவன்: ஃப்ரிட்ஜில் இருந்த உறைந்த பட்டாணியை விதைத்தேன். ஏன் முளைக்கவில்லை?

உறைய வைப்பதற்கு முன்னால் அதைக் கொதிநீரில் முக்கி எடுப்பார்கள் கண்ணு. அப்போதே உயிர் போய்விடும். மளிகைக் கடையில் முழுசாக விற்கும் காய்ந்த பட்டாணியில் பத்தை எடுத்து இரவு ஊறப் போடு. தண்ணீர் பச்சையாக மாறினால் அது சாயம் போட்டது, அம்மாவிடம் சொல்லி அந்தக் கடையை மாற்றச் சொல். மாறாவிட்டால் ஈரத் துணியில் கட்டி வை, முளைக்கிறதா பார்த்து எனக்கு எழுது.

கோவை வடவள்ளியிலிருந்து ஒருவர்: தை மாசம் வைத்த பந்தல் அவரை. பந்தல் முழுக்க மூடி, பக்கத்து மாமரத்திலும் ஏறிவிட்டது. ஆடி முடிந்தும் ஒரு பூ இல்லை. பஞ்சகவ்யம், மீன் அமிலம், மோர்க் கரைசல் எல்லாம் வாரம் தவறாமல் கொடுக்கிறேன். வீட்டில் எல்லோரும் வெட்டிப் போடச் சொல்கிறார்கள்.

வெட்டாதீர்கள் ஐயா. நீங்கள் இதை எழுதிப் போட்டது ஆவணியில், இதைப் படிக்கும்போது ஐப்பசி. இந்நேரம் பூங்கொத்து தலை நீட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நாட்டுப் பந்தல் அவரை நாள் கணக்குப் பார்த்துப் பூக்கிற செடி அல்ல. இரவு எவ்வளவு நேரம் என்று பார்த்துப் பூக்கிற செடி. பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் அதற்குப் பூக்க வேண்டும் என்ற உத்தரவு கிடைக்கும். கோவையில் ஆனி மாசப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம், மார்கழிப் பகல் பதினொன்றரை. ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் நமக்குத் தெரியவே தெரியாது. அவரைக்குத் தெரியும். தையில் விதைத்தால் செடி பெரிதாவதற்குள் பகல் நீள ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் அடுத்த ஐப்பசி வரைக்கும் இலைதான். ஆடியில் விதைத்தவர் வீட்டிலும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் பூக்கும். நீங்கள் ஆறு மாசம் முன்னாலேயே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தீர்கள், அவ்வளவுதான். ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் கையில் கடிகாரம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி.

அடுத்தது தீனி. வாரா வாரம் கொடுக்கிற கரைசலில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. அவரை தன் தழைச்சத்தை வேரிலேயே பிடித்துக்கொள்ளும் செடி. மேலே மேலே நாம் ஊற்றினால் இலையாகத்தான் போடும். எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீரையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்குங்கள். மாமரத்தில் ஏறிய கொடியை இறக்கி, நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை வந்தால்தான் பூங்கொத்து கூடும். தெருவிளக்கு விடிய விடியப் பந்தலின் மேல் விழுந்தால், அந்தப் பக்கம் மட்டும் பூ தள்ளிப் போக வாய்ப்புண்டு. அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

எந்த மாசம் வைத்தாலும் காய்க்க வேண்டும் என்றால் குத்தவரை வையுங்கள். பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் இரண்டும் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ ரகங்களிலும் குத்துச்செடி வகை நிறைய உண்டு. இடுப்பளவு செடி, பந்தல் தேவையில்லை. ருசியில் பந்தல் அவரைக்கு ஒரு படி கீழேதான் என்பது என் கட்சி. குத்தவரைப் பொரியல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மார்கழிக் குளிரில் பறித்த பட்டை அவரையில் செய்த பொரியலுக்குப் பக்கத்தில் அதை வைக்க முடியாது.

கனடா, ஸ்கார்பரோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா: ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதை. ஒவ்வொரு வருஷமும் வேலியெல்லாம் படர்ந்து, பூ வர, பனி கொட்டிவிடும். ஒரு காய் கறிக்கு எடுக்கேலாமல் கிடக்கு. என்ன செய்யலாம் பிள்ளை?

மேலே வடவள்ளிக்காரருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது அம்மா, இன்னும் கொஞ்சம் மோசமாக. டொராண்டோவில் ஜூன் மாசப் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். அது பன்னிரண்டுக்கு இறங்குவது செப்டம்பர் கடைசியில். ஊர் அவரை அப்போதுதான் பூக்கலாமா என்று யோசிக்கும். அக்டோபரில் உறைபனி. இந்தக் கணக்கை எந்த உரத்தாலும் நேராக்க முடியாது.

அவரைதான் வேண்டும் என்றால் பகல் நீளத்துக்கு அசையாத குத்து ரக விதையை அங்குள்ள விதைக் கடையில் வாங்கி, மே மாதத் தொடக்கத்தில் வீட்டுக்குள் சின்னத் தொட்டியில் முளைக்கப் போட்டு, மாதக் கடைசியில் வெளியே எடுத்து நடுங்கள். பெரிய சட்டியில் ஊர் அவரையை வைத்து, ஆகஸ்ட் முழுக்க மாலை ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை இருட்டான கராஜில் தள்ளி வைத்தும் பார்க்கலாம். பொறுமை உள்ளவர்களுக்கு அது ஒரு வழி. தினமும் தூக்கி வைக்க வேண்டும், இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாங்கள் இங்கே ஏங்குகிற பட்டாணி உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏப்ரல் நடுவில் மண் இளகியதும் விதைத்துவிடுங்கள். லேசான உறைபனி அதை ஒன்றும் செய்யாது. ஜூன் கடைசியில் காய் பறித்து முடித்து அதே இடத்தில் செடி பீன்ஸ் போடலாம். செப்டம்பர் நடுவில் பீன்ஸும் முடியும். அப்போது மண்ணைச் சும்மா விடாமல் ஓட்ஸ் தூவிவிடுங்கள். குளிரில் அதுவாகச் செத்துப் பாயாகப் படிந்து மண்ணை மூடும். வசந்தத்தில் அதை ஒதுக்கி விதைக்க வேண்டியதுதான். ரை என்ற தானியப் பயிரையும் போடுவார்கள். அது குளிரில் சாகாது, வசந்தத்தில் வெட்டி மடக்கக் கைவலி எடுக்கும். வயசுக்கு ஓட்ஸே நல்லது.

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: கொல்லையில் மூன்று சென்ட் இடம். களிமண். மழைக்குத் தண்ணீர் நிற்கும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். காய்கறி போடுவதற்கு முன் மண்ணைத் தேற்ற என்ன விதைக்கலாம்? சணப்பு என்கிறார்கள், தக்கைப்பூண்டு என்கிறார்கள், கொழுஞ்சி என்கிறார்கள்.

உங்கள் மண்ணுக்குத் தக்கைப்பூண்டு. யோசிக்கவே வேண்டாம். தண்ணீரில் நிற்கும், உவர் மண்ணையும் தாங்கும். சணப்பு வேகமாக வளரும், வேர்ப்பகுதி நூற்புழுவை அடக்கும். ஆனால் தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் தலை தொங்கிவிடும். அது செம்மண் காட்டுக்கு. கொழுஞ்சிக்கு ஒரு பெரிய குணம் உண்டு, ஆடு மாடு கடிக்காது. வேலி இல்லாத இடத்துக்கு அதுதான் சரி. முளைப்புதான் சோம்பல், விதைத்தோல் கல் மாதிரி கடினம். ஆற்று மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்க வேண்டும். நடவுக்கு முன் வயலில் மணிலா அகத்தி போடுகிறவர்களும் உங்கள் பக்கம் இருப்பார்கள். அதற்கு வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முடிச்சு வரும். தண்ணீர் நின்றாலும் வேலை நடக்கும்.

தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ என்பது கணக்கு. உங்கள் மூன்று சென்ட்டுக்கு 600 கிராம். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள், இருப்பு இருந்தால் மலிவாகக் கிடைக்கும். மண்வெட்டியால் மேலாகக் கொத்தித் தூவி, மேலே ஒரு முள் கிளையை இழுத்துவிட்டால் விதை மூடிக்கொள்ளும். 45 நாள் வாக்கில் அங்கங்கே மஞ்சள் பூ எட்டிப் பார்க்கும். அன்றைக்கே வெட்டி மடக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் வளரட்டும், தழை கூடும்’ என்று தோன்றும். கூடுவது தழை அல்ல, கட்டை. பூத்து முடிந்தால் தண்டு விறகாகிவிடும், மண்ணில் மக்காமல் மாசக் கணக்கில் கிடக்கும். நன்றாக வளர்ந்திருந்தால் சென்ட்டுக்கு 80 கிலோ பச்சைத் தழை கிடைக்கும். அரிவாளால் சாண் சாணாக நறுக்கி, மண்ணோடு கொத்தி, ஈரம் காயாமல் இரண்டு, மூன்று வாரம் விடுங்கள். மடக்கிய மறுநாளே கத்தரி நாற்று நட்டால் நாற்று வெளுத்துப் போகும். மக்குகிற வேலை நடக்கும்போது அந்த நுண்ணுயிர்களே மண்ணில் இருக்கும் சத்தை எடுத்துக்கொள்ளும்.

நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய பலதானிய விதைப்பையும் நீங்கள் செய்யலாம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, நறுமணப் பொருள், பசுந்தாள் ஆகிய ஐந்து வகையிலும் நாலு நாலு. கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, கடுகு, சணப்பு என்று அஞ்சறைப் பெட்டியையும் மளிகைக் கடையையும் ஒரு சுற்று சுற்றினாலே பாதி சேர்ந்துவிடும். பூக்கும் தருணத்தில் மடக்குவது இதற்கும் பொருந்தும். உங்கள் தண்ணீர் நிற்கும் களிமண்ணில் முதல் தடவை தக்கைப்பூண்டு, அடுத்த தடவை பலதானியம் என்று போங்கள்.

தஞ்சை, திருவாரூர்க்காரர்களுக்கு நான் இதைச் சொல்வதே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தூவி, மிச்ச ஈரத்திலேயே தை, மாசிக்கு ஒரு பயிரை எடுத்துவிடுகிற ஊர் உங்கள் ஊர். மண்ணைச் சும்மா போடாதே என்பதற்கு வேறு பாடம் வேண்டுமா? வயலில் செய்வதைக் கொல்லையில் செய்தால் போதும்.

சிவகாசியிலிருந்து ஒரு வாசகி: பயறு வகை வைத்தால் காற்றிலிருக்கும் தழைச்சத்து மண்ணில் சேரும், அடுத்த பயிருக்கு உரமே வேண்டாம் என்கிறார்கள். நான் தட்டைப்பயறு வைத்து எடுத்துவிட்டு வெண்டை போட்டேன். வெண்டை சவலையாகத்தான் நிற்கிறது. இது பொய்யா அக்கா?

பொய் இல்லை, பாதி உண்மை. அந்தப் பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

தட்டைப்பயறு பூக்கிற சமயம், ஒரே ஒரு செடியை மண்வெட்டி வைத்து மண்கட்டியோடு தூக்கி எடுங்கள். பிடித்து இழுக்காதீர்கள், முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். ஆணிவேரின் மேல்பகுதியில் மிளகு அளவில் முண்டு முண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் இரண்டாகக் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ஊன்நீர் போல ஒரு ஈரம் தெரிந்தால் அதற்குள் இருக்கிற ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் ரத்தத்தைச் சிவப்பாக்குகிற பொருளின் உறவுக்காரப் பொருள்தான் அங்கேயும் இருக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிந்துவிட்டது.

அந்தச் சத்து யாருக்கு? முதலில் செடிக்கு. காய் முற்ற முற்ற, வேரிலும் இலையிலும் இருந்ததெல்லாம் பயறுக்குள் போய்விடும். பயறில் அவ்வளவு புரதம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் காயையெல்லாம் முற்ற விட்டுப் பறித்து, செடியை வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டிருந்தால், சத்து முழுவதும் உங்கள் டப்பாவிலும் மாட்டு வயிற்றிலும் இருக்கிறது. வெண்டைக்கு மிஞ்சியது சொற்பம்.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். பிஞ்சுக் காயாகவே பறித்துச் சமையுங்கள். காய்ப்பு குறைந்ததும் செடியைப் பிடுங்காமல், தரையோடு தரையாக அறுத்து, தழையை அங்கேயே பரப்புங்கள். வேர் மண்ணுக்குள்ளேயே மக்கட்டும். அப்படிச் செய்தாலும் வெண்டைக்கு ஒரு கூடை தொழுவுரம் போடத்தான் வேண்டும். உரமே வேண்டாம் என்று சொல்கிறவர் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ரைசோபியம் பொட்டலம் வாங்கிக் கலக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, உளுந்துக்கு ஏற்ற இனம் நம் மண்ணில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் வேறு வேறு இனம், அது புதுப் பைகளில் இருக்காது. அவற்றுக்கு மட்டும், ஆறிய வடிகஞ்சியில் குழைத்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்திவிட்டு விதையுங்கள். பயிரின் பெயர் பொட்டலத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள், காலாவதி தேதியையும் பாருங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஒருவர்: பட்டாணி இலையில் மாவு தூவியது போல வெள்ளை. பக்கத்தில் வைத்த கொடி பீன்ஸ் நன்றாக இருக்கிறது. பீன்ஸுக்கும் பரவுமா?

சாம்பல் நோய். பகலில் வறட்சியும் இரவில் பனியுமாக இருக்கிற நாட்களில் வரும். பட்டாணியைப் பிடிக்கிற பூஞ்சாணம் பெரும்பாலும் பட்டாணியோடு நிற்கும், பயப்படாதீர்கள். அடி இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து இலையின் இருபுறமும் படும்படி காலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு முறை. அடுத்த விதைப்பில் நெருக்கத்தைக் குறையுங்கள். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி நாலு அங்குலம். காற்று ஓடினால் பாதி நோய் ஓடும். உங்களுக்கு ஊட்டி 1 ரகம் ஏற்றது.

பீன்ஸைப் பற்றி ஒன்று. அவரை, தட்டைப்பயறு போல பீன்ஸ் தன் சத்தைத் தானே தாராளமாகத் தேடிக்கொள்ளாது. இந்தக் குடும்பத்தில் அது கொஞ்சம் சோம்பேறி. தொழுவுரத்தைக் கஞ்சப்படாமல் கொடுங்கள். காட்டுமாடு வராமல் என்ன செய்வது என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால் கொடைக்கானல்காரர்கள் என்னை மலையில் ஏற்றி மாலை போட்டிருப்பார்கள்.

மதுரை, திருநகரிலிருந்து ஒரு வாசகி: அவரைப் பூங்கொத்து முழுக்கக் கறுப்பாக அசுவினி. எறும்பும் ஏறுகிறது. கூடவே சாம்பல் நிறத்தில் முள்முள்ளாக ஏதோ பூச்சி. எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்துவிடாதீர்கள்! அந்த முள்முள்ளான பூச்சி ஒரு குட்டி முதலையைப் போல இருக்கிறதா? கறுஞ்சாம்பல் உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி தெரிகிறதா? அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினிதான் அதற்குச் சாப்பாடு. பெரிய பொறிவண்டைப் பார்த்தால் அழகு என்று விட்டுவிடுகிறோம், அதன் குஞ்சைப் பார்த்தால் செருப்பை எடுக்கிறோம்.

எறும்பைத்தான் முதலில் தடுக்க வேண்டும். அசுவினி வெளியேற்றும் தேன்நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, பொறிவண்டை விரட்டும். பந்தல் காலில் ஒரு துணியைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவிவிட்டால் எறும்பின் ஏற்றம் நிற்கும். பிறகு காலையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பாதி அசுவினி கீழே விழும். விழுந்தது திரும்ப ஏறாது. அப்படியும் மிச்சம் இருந்தால் மட்டும் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின், பொறிவண்டு இல்லாத கொத்துகளில் மட்டும். காலையில் தேனீ வரும் நேரத்தில் மருந்து எதுவும் வேண்டாம்.

இலை பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக மாறினால் அது வேறு கதை. மஞ்சள் தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புவது. அதற்கு வைத்தியம் இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். ஒரு செடிக்குத் தயங்கினால் வரிசையே போகும்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: தக்காளி முடிந்த பைகள் இருபது சும்மா கிடக்கின்றன. மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுக் கலவை வாங்கலாமா?

ஏன் தம்பி கொட்ட வேண்டும்? பழைய வேரை நீக்கி, மண்ணைக் கிளறி, பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, வீட்டில் இருக்கிற தட்டைப்பயறையோ பச்சைப்பயறையோ கொள்ளையோ நெருக்கமாகத் தூவுங்கள். பூ வந்ததும் அடியோடு கத்தரித்து மேலேயே போட்டு, ஒரு பிடி மண் தூவி, லேசான ஈரத்தில் மூன்று வாரம் விட்டால் மண் பொலபொலவென்று ஆகியிருக்கும். சித்திரை, வைகாசியில் காய்கறி வைக்க முடியாத காலத்துக்கு இது ரொம்பப் பொருத்தம். வெறும் மண்ணை வெயிலில் காய விடுவதைவிட எந்தச் செடியாவது அதன் மேல் நிற்பது மேல். தக்காளி வாடல் நோயால் செத்திருந்தால் மட்டும் அந்தப் பையில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: பயத்தங்காய் விதையை எடுத்துப் பாட்டிலில் போட்டு வைத்தேன். இரண்டு மாசத்தில் எல்லாம் ஓட்டை. பாட்டிலைத் திறக்கவே இல்லை, வண்டு எப்படி உள்ளே போனது?

போகவில்லை, நீங்கள்தான் சேர்த்து அடைத்தீர்கள். கொடியில் காய் முற்றும்போதே வண்டு வந்து முட்டை வைத்துவிடும். விதையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தோலின் மேல் குண்டூசி முனை அளவில் பளபளப்பான வெள்ளைப் பொட்டு தெரியும். அதுதான் முட்டை. புழு அங்கிருந்து நேராக விதைக்குள் துளைத்துப் போய், உள்ளேயே வளர்ந்து, வண்டாகி வெளியே வரும்போது அந்த வட்ட ஓட்டை விழுகிறது.

பொட்டு உள்ள விதையைத் தள்ளுங்கள். மீதியை நல்ல வெயிலில் கடித்தால் சட்டென்று உடையும் வரை காய வைத்து, அடுப்புச் சாம்பலையோ வசம்புத் தூளையோ கலந்து இறுக மூடுங்கள். துவரையைச் செம்மண் கட்டி வைப்பார்களே, அதையும் செய்யலாம். மாசம் ஒருமுறை, வழக்கப்படி அமாவாசை அன்று வைத்துக்கொண்டால் மறக்காது, எடுத்து வெயில் காட்டுங்கள். நாலு பிடி விதைதான் என்றால் நன்றாகக் காய்ந்ததை ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். ஈரம் உள்ள விதையை ஃப்ரீசரில் வைத்தால் விதையும் செத்துவிடும், ஜாக்கிரதை.

திண்டுக்கல்லிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு பெண்: பட்டர் பீன்ஸ், ராஜ்மா எல்லாம் முளைகட்டிப் பச்சையாகச் சாலட்டில் போடலாமா?

கூடாது. பச்சைப்பயறைப் போல இவற்றை நினைக்காதே அம்மா. ராஜ்மாவைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடுங்கி எடுக்கும். இரவு ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் தளதளவென்று பத்து நிமிஷமாவது கொதித்த பிறகே மிச்ச வேக்காடு. குக்கரில் வைத்தால் கவலையில்லை. பட்டர் பீன்ஸையும் வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.